கை நிமிர்ந்தது, கஞ்சிக்கு என்ன வழி?

கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையை ராபர்ட் காக்ரேன் அவருக்குச் சுற்றிக் காட்டினார். அங்கே விரல்கள் மடங்கிப்போன ஒருவரிடம், தன் கையைப் பிடித்து அழுத்தச் சொன்னார் பிராண்ட். பிடியோ வலிக்குமளவு இறுகியது. அப்படியானால் சில தசைகள் இன்னும் உயிரோடுதான் இருக்கின்றன! அந்தத் தசைகளின் நாண்களை இடம் மாற்றித் தைத்து மடங்கிய விரல்களை நிமிர்த்தும் சிகிச்சை, நோயாளியின் கையைத் தயங்காமல் பற்றிய அந்த நொடியில் பிறந்தது.

கதை அதோடு முடியவில்லை. கை சீரான நோயாளிகள் சிலர் வருத்தத்தோடு திரும்பி வந்தார்கள். கோணிய விரல்களைப் பார்த்துக் காசு போட்ட ஊர், நிமிர்ந்த விரல்களுக்குப் போடவில்லை. நோயின் பெயர் ஒட்டியிருந்ததால் வேலையும் தரவில்லை. அறுவை வென்றது, வயிறு காய்ந்தது. இதற்கு எந்த அறுவை நூலில் பதில் தேடுவது? பின்னர் நோயாளிகள் தங்கித் தொழில் கற்கும் புதுவாழ்வு மையம் உருவானது. அங்கே, காலையில் எழுந்தால் விரலில் சதை காணாமல் போயிருக்கும் புதிரும் அவிழ்ந்தது. உணர்ச்சியற்ற விரல்களை இரவில் எலிகள் கடித்திருந்தன. பூனைகள் வளர்க்கப்பட்டன.

மருத்துவ அறம் என்று மருத்துவப் பாடத்திட்டம் சொல்வது, கையோடு நோயாளியின் வாழ்வையும் பார்க்கும் இந்த அக்கறையைத்தான்.

இந்திய மருத்துவக் கழகம் 2018இல் மனப்பாங்கு, அறம், உரையாடல் ஆகியவற்றுக்கென 27 பாடப் பிரிவுகளை வகுத்தது. 2019இல் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களிலிருந்து அவை நடைமுறைக்கு வந்தன. நல்ல தொடக்கம்தான். ஆனால் கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்பதைப் பலகையில் எழுதி மனப்பாடம் செய்ய வைத்தால் எவருக்கும் பயனில்லை. டெல்லிப் பல்கலைக்கழக மருத்துவ அறிவியல் கல்லூரியில் 2009இல் தொடங்கிய மெடிக்கல் ஹியூமானிட்டீஸ் குழு, நாடகத்தை வகுப்புக்குக் கொண்டுவந்தது. நோயாளியாக நடித்துப் பார்க்கும் மாணவருக்கு, தம் கேள்வி எதிரே இருப்பவரை எப்படிச் சுடும் என்பது தெரியவரும்.

வேலூரில் பிராண்டைத் தவிர இன்னொரு ஆசிரியரும் இருந்தார். 1954இல் சாலை விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் அக்கல்லூரியின் மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமை ஏற்றார். அவரிடம் படித்தவர்களுக்கு ஊனம் பற்றித் தனிப்பாடம் தேவைப்பட்டிருக்காது.

மருத்துவக் கல்லூரிகள் ஒன்று செய்யலாம்: அந்த 27 பிரிவுகளில் சிலவற்றையாவது, குணமடைந்து வீடு திரும்பிய நோயாளிகளை அழைத்து, அவர்களையே ஆசிரியர் நாற்காலியில் அமர்த்தி நடத்தலாம்.