கேமராவோடு ஒரே ஹாஸ்டலில்: ‘போட்டோ ஹவுஸ்’ என்றால் என்ன? சேரும் முன் என்ன கேட்க வேண்டும்?

ஐடி வேலையை விட்டுட்டு போட்டோகிராபி படிக்கப் போகலாமா என்று யோசிக்கிறீர்களா? ஃபீஸ், சிலபஸ், பிளேஸ்மென்ட் எல்லாம் தேடிப் பார்த்திருப்பீர்கள். எங்கே, யாரோடு தங்கப்போகிறோம் என்பதைக் கடைசியில்தான் பார்ப்போம். ஆனால் இந்தப் படிப்பில் பெரும்பகுதி நடப்பதே ஹாஸ்டலில்தான்.

போட்டோ ஹவுஸ் என்பது என்ன?

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள ராச்செஸ்டர், ஜார்ஜ் ஈஸ்ட்மேன் கோடாக் நிறுவனத்தைத் தொடங்கிய ஊர். அங்குள்ள ராச்செஸ்டர் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி போட்டோகிராபிக்குப் பேர்போனது. அங்கே படித்தவர்களில் புலிட்சர் பரிசு பெற்றவர்களும் உண்டு.

ஒரே ஆர்வம் உள்ள மாணவர்கள் சேர்ந்து தங்கி, தாங்களே நிர்வகிக்கும் ‘ஸ்பெஷல் இன்ட்ரஸ்ட் ஹவுஸ்’ முறை அந்த ஹாஸ்டல்களில் இருக்கிறது. கம்ப்யூட்டர் சயின்ஸ் ஹவுஸ் 1976-லேயே வந்துவிட்டது. போட்டோகிராபிக்காரர்களின் வீடுதான் போட்டோ ஹவுஸ். தங்கும் இடத்திலேயே ஸ்டுடியோ, இருட்டறை என்று வைத்துக்கொண்டு வளர்ந்த கூட்டம் அது.

டிஜிட்டல் காலத்தில் இருட்டறை எதற்கு?

நியாயமான கேள்வி. கோடாக்கே 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கேட்டு கோர்ட்டுக்குப் போனது. ஆனாலும் ஒரு ரோலில் 36 படம்தான் என்றால், பட்டனை அமுக்கும் முன் நீங்களே இரண்டு தடவை யோசிப்பீங்க. அந்தப் பழக்கத்துக்காகவே பல கல்லூரிகள் ஃபிலிமை இன்னும் விடவில்லை.

பிரிண்ட் போடும்போது சிவப்பு விளக்கு எரியலாம். கறுப்பு வெள்ளை பேப்பருக்குச் சிவப்பு ஒளி தெரியாது. ஆனால் இன்றைய ஃபிலிமில் பெரும்பாலானவை எல்லா நிறத்தையும் பிடிக்கும் என்பதால், டேங்கில் சுற்றும்போது கும்மிருட்டு வேண்டும். டெவலப்பர் சுமார் 20 டிகிரி செல்சியஸில் இருப்பது வழக்கம். அக்னி நட்சத்திரத்தில் சென்னை குழாய்த் தண்ணீரை வைத்து முயற்சி செய்தால், ஐஸ் கட்டி இல்லாமல் வேலைக்கு ஆகாது. பயன்படுத்திய ஃபிக்ஸரில் வெள்ளி கரைந்திருக்கும். அதை ஹாஸ்டல் பாத்ரூமில் கொட்டக்கூடாது. தனி கேனில் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இதையெல்லாம் புத்தகத்தைவிட பக்கத்து ரூம் சீனியர்தான் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார்.

அதைவிட முக்கியம், ராத்திரி 2 மணிக்கு நடக்கும் விமர்சனம். வாத்தியார் நாசூக்காகச் சொல்வதை ரூம்மேட் “இதுல ஒண்ணுமே இல்லடா” என்று முடித்துவிடுவார். வலிக்கும். ஆனால் அடுத்த நாள் லைட் ஸ்டாண்டைப் பிடிக்க வருவதும் அதே ஆள்தான்.

எல்லார் கையிலும் கேமரா என்றால்?

இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். தூங்குகிற, அழுகிற, சண்டை போடுகிற ரூம்மேட் எல்லாரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் சப்ஜெக்ட். ‘எங்க வீட்டு டாக்குமென்டரி’ என்று போர்ட்ஃபோலியோவில் சேர்த்தபிறகு கேட்பது அனுமதி ஆகாது. எடுக்கும்போது ஒருமுறை, வெளியிடும் முன் ஒருமுறை கேளுங்கள்.

இந்தியச் சட்டமும் இதில் தெளிவு. தனிமையில், அந்தரங்கமான செயலில் இருக்கும் பெண்ணைப் படமெடுப்பது பாரதிய நியாய சன்ஹிதா 77-வது பிரிவின்கீழ் குற்றம். முதல் தடவையே 1 முதல் 3 ஆண்டு வரை சிறை. எடுக்கச் சம்மதித்தவர் பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால், பரப்புவதும் குற்றமே. யாருடைய அந்தரங்க உறுப்பையும் சம்மதமின்றிப் படமெடுத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பாயும். ஆண், பெண் வித்தியாசம் அதில் இல்லை.

நம்ம ஊரில் இருக்கிறதா?

ஹவுஸ் என்ற பெயரில் தேடாதீர்கள். தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் காந்திநகர் வளாகத்தில் போட்டோகிராபி டிசைன் முதுகலைப் படிப்பு இருக்கிறது. ஊட்டி பக்கம் லவ்டேலில் லைட் அண்ட் லைஃப் அகாடமி இருக்கிறது.

எங்கே சேர்ந்தாலும் அட்மிஷன் ஆபீஸில் நாலு கேள்வி கேளுங்கள். ஸ்டுடியோ ராத்திரி எத்தனை மணி வரை திறந்திருக்கும்? பெண்கள் ஹாஸ்டலுக்கு மட்டும் சீக்கிரமே கேட் மூடுவார்களா? அப்படியென்றால் பாதி ஸ்டுடியோ நேரம் அவர்களுக்குக் கிடையாது. கேமரா வைக்கப் பூட்டுள்ள லாக்கர் உண்டா? தொலைந்தால் யார் பொறுப்பு? வாடகைக்கு லென்ஸ் எடுக்க முடியுமா? பதில் சொல்லத் தடுமாறினால், ஃபீஸ் கட்டும் முன் இப்போது அங்கே தங்கியிருக்கும் இரண்டு பேரிடமாவது பேசிவிடுங்கள்.