செய்யாத பிழையின் சுமை: 'பதினெட்டாவது அட்சக்கோடு' நாவலும் 1948ஆம் ஆண்டும்

சிறுவன் ஒருவன் மனிதனாக வளரும் கதையைச் சொல்லும் நாவல்களுக்கு உலக இலக்கியத்தில் நீண்ட மரபு உண்டு. கெதேயின் 'வில்ஹெல்ம் மைஸ்டர்' (1795-96) அதற்கு வழி வகுத்தது. சார்லஸ் டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' (1860-61) அதைப் பெருவாரியான வாசகரிடம் கொண்டு சேர்த்தது. தன்னை வளர்த்த கொல்லன் ஜோவைக் கண்டு வெட்கப்படுகிறான் பிப்; பின்னர் அந்த வெட்கத்துக்காகவே வருந்துகிறான்; இறுதியில் மன்னிக்கப்படுகிறான். பிழை, துரோகம், குற்றவுணர்வு, மீட்சி என்னும் நான்கு படிகளில் ஏறியே இத்தகைய நாவல்களின் நாயகர்கள் பெரியவர்கள் ஆகின்றனர்.

அசோகமித்திரன் 1977இல் வெளியிட்ட 'பதினெட்டாவது அட்சக்கோடு' இந்தப் படிக்கட்டில் ஏற மறுத்த நாவல். அதன் நாயகன் சந்திரசேகரன் எவரையும் காட்டிக்கொடுப்பதில்லை; எவர்மீதும் கை ஓங்குவதுமில்லை. ஆயினும் நாவல் முடியும் இடத்தில் அவன் நெஞ்சில் ஏறும் சுமை, குற்றம் செய்தவன் சுமப்பதினும் கனமானது. செய்யாத பிழைக்கு ஒருவன் பொறுப்பாளி ஆவது எங்ஙனம்? இக்கேள்வியைத் தமிழ் நாவலில் இத்தனை கூர்மையாக எழுப்பியவர் மிகச் சிலரே.

அசோகமித்திரன் என்னும் தியாகராஜன் 1931 செப்டம்பர் 22ஆம் நாள் செகந்திராபாத்தில் பிறந்தவர். தந்தையார் ரயில்வே ஊழியர். தந்தை மறைந்தபின் 1952இல் சென்னைக்கு வந்து, ஜெமினி ஸ்டூடியோவில் சில காலம் பணியாற்றினார். பின்னர் முழுநேர எழுத்தாளரானார். 2017இல் மறையும்வரை அவர் எழுத்தின் நிலம் பெரிதும் சென்னை, செகந்திராபாத் என்னும் இரண்டு நகரங்களாக இருந்தது.

நாவலின் காலப் பின்னணி தெளிவானது. 1947 ஆகஸ்டில் நாடு விடுதலை பெற்றபோது, ஹைதராபாத் சமஸ்தானத்தின் நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் இந்தியாவுடன் இணைய உடன்படவில்லை. அவ்வாண்டு நவம்பர் 29ஆம் நாள், இருந்த நிலையே ஓராண்டு நீடிக்க ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதற்குள் காசிம் ரஸ்வியின் தலைமையில் ரஜாக்கர் படை வளர்ந்தது. அதன் வன்முறையால் ஊர்கள் நடுங்கின. தெலங்கானாவில் உழவர் கிளர்ச்சி ஒருபுறம், மாணவர் பகிஷ்காரம் மறுபுறம். 1948 செப்டம்பர் 13ஆம் நாள் இந்தியப் படைகள் சமஸ்தானத்தினுள் நுழைந்தன. 17ஆம் நாள் நிஜாமின் தரப்பு பணிந்தது. 'போலீஸ் நடவடிக்கை' என்று வரலாறு இதற்குப் பெயரிட்டது. ஐந்து நாளில் முடிந்த நடவடிக்கை அது. அதன்பின் நடந்தவற்றுக்கு வரலாறு நெடுங்காலம் பெயரிடவில்லை.

நாவலாசிரியர் இப்பெரு நிகழ்ச்சிகளை மேடையேற்றுவதில்லை. ரயில்வே குடியிருப்பு, கிரிக்கெட் மைதானம், கல்லூரி வகுப்பு, சைக்கிளில் சுற்றும் தெருக்கள் ஆகியவையே அவருடைய களம். உருதும் தெலுங்கும் வழங்கும் ஊரில் சந்திரசேகரன் தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளை. ஆள்வோர் மொழியும் அவனுடையதன்று, பெரும்பான்மையோர் மொழியும் அவனுடையதன்று. நேற்றுவரை ஒரு சுவரை நடுவே வைத்து வாழ்ந்த முஸ்லிம் வீடும் இந்து வீடும் மெல்ல மெல்லப் பேச்சைக் குறைக்கின்றன. விளையாட்டுத் தோழர்களிடையே ஓர் அன்னியம் நுழைகிறது. இங்கே துரோகம் ஒரு தனிமனிதனின் செயலாக நிகழ்வதில்லை. ஒவ்வொருவரும் ஓர் அடி பின்வாங்குகின்றனர், அவ்வளவே. அந்த ஓரடிகளின் கூட்டுத்தொகையே பேரழிவாகிறது.

கதை சில பகுதிகளில் தன்மையிலும் சில பகுதிகளில் படர்க்கையிலும் செல்வது கருதத்தக்கது. தன் இளமையை 'நான்' என்று உரிமையோடு சொல்லும் குரல், வேறோர் இடத்தில் 'அவன்' என்று விலகி நின்று பார்க்கிறது. தன்னைத் தானே சாட்சியாக்கி விசாரிக்கும் மனத்துக்கு இவ்விரு இடங்களும் தேவைப்படுகின்றன.

சென்னையின் மேற்கே வாழ்வோருக்கு இந்நாவல் அயலூர்க் கதையன்று. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் ஹைதராபாத்தின் முன்னோடியான கோல்கொண்டா சுல்தான்களின் ஆட்சி பூந்தமல்லிவரை நீண்டிருந்தது. கோட்டையிலிருந்த ஆங்கிலேய வணிகர்கள் பூந்தமல்லியிலிருந்த கோல்கொண்டா அதிகாரிகளின் முகம் பார்த்தே தொழில் நடத்த வேண்டியிருந்தது. செகந்திராபாத்தைப் போலவே பூந்தமல்லியும் பின்னர் ஆங்கிலேயரின் படை தங்கும் ஊராயிற்று. 1960களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தபோது, பல மொழியும் பல மதமும் உடைய குடும்பங்கள் ஒரே குவார்ட்டர்ஸ் வரிசையில் குடியேறின. பண்டிகைப் பலகாரம் வீடு மாறிச் செல்வதையும், வெளியூர்க் கலவரச் செய்தி வந்த மாலையில் அந்த வரிசையின் பேச்சொலி தாழ்வதையும் அறிந்த தலைமுறை அது. சந்திரசேகரனின் குடியிருப்பை அத்தலைமுறை எளிதில் அடையாளம் காணும்.

நாவலின் இறுதிக் காட்சி மறக்கவியலாதது. படை நடவடிக்கை முடிந்துவிட்டது. இப்போது பழிவாங்கும் கூட்டம் தெருவில் இறங்கியிருக்கிறது. கலவரத்தினின்று தப்பி ஓடும் சந்திரசேகரன் ஒரு வீட்டினுள் புகுந்துவிடுகிறான். அங்கே அஞ்சி ஒடுங்கிக் கிடக்கிறது ஒரு முஸ்லிம் குடும்பம். அவனைத் தாக்க வந்தவன் என்றே எண்ணி, மெலிந்த ஒரு சிறுபெண் முன்வந்து, மற்றவர்களைக் காப்பதற்காகத் தன் ஆடைகளைக் களைந்து நிற்கிறாள். அவன் அலறிப் புடைத்து வெளியே ஓடுகிறான்.

அடைக்கலம் தேடிப் போனவன் அவன். அந்தப் பெண்ணின் கண்களிலோ அவன் வென்ற கூட்டத்தின் முகம். அவன் நல்லவன் என்பதை அவளுக்கு மெய்ப்பிக்க வழியில்லை. அவனது நல்லெண்ணம் அவளுக்கு எப்பயனும் தரவில்லை. பெயராலும் பிறப்பாலும் தான் எந்தப் பக்கத்தில் நிறுத்தப்பட்டிருக்கிறான் என்பதை அவன் அக்கணத்தில் அறிகிறான். அவனது இளமை அங்கே முடிகிறது.

இக்காட்சிக்கு வெளியே ஓர் ஆவணமும் உண்டு. நடவடிக்கைக்குப் பின் நிகழ்ந்த கொலைகளை அறிந்துவர, பண்டித சுந்தர்லால் தலைமையில் ஒரு குழுவை மத்திய அரசு 1948இன் இறுதியில் அனுப்பியது. 27,000 முதல் 40,000 பேர்வரை மாண்டிருக்கலாம் என்று அக்குழு மதிப்பிட்டது. உஸ்மானாபாத், குல்பர்கா, பீதர், நாந்தேட் மாவட்டங்களே மிகுதியும் பாதிக்கப்பட்டன எனவும் அது கண்டது. அவ்வறிக்கை அன்று வெளியிடப்படவில்லை. 2013 அளவில்தான் டெல்லி நேரு நினைவு நூலகத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. அரசு பூட்டி வைத்திருந்த உண்மையின் ஒரு துளி, ஒரு பெண்ணின் உருவில், 1977 முதலே தமிழ் நூலகங்களின் அலமாரியில் இருந்தது. கோமதி நாராயணன் ஆங்கிலத்தில் பெயர்த்தபின், 1993 முதல் பிறமொழி வாசகரும் அதைக் கண்டனர்.

இதனை காலித் ஹொசைனியின் 'தி கைட் ரன்னர்' (2003) நாவலுடன் ஒப்பிடலாம். காபூல் சந்து ஒன்றில் நண்பன் ஹசன் சீரழிக்கப்படுவதைக் கண்டும் காக்காது ஒளிகிறான் அமீர். பல ஆண்டுகள் கழித்து, ஹசனின் மகனை மீட்பதன் வாயிலாகத் தன் பாவத்துக்கு ஈடு செய்கிறான். உலகெங்கும் வாசகர் நெஞ்சைத் தொட்ட கதை அது. மீட்சி உண்டென்னும் ஆறுதலும் அதன் வெற்றிக்கு ஒரு காரணம். அசோகமித்திரன் அந்த ஆறுதலைத் தரவில்லை. சந்திரசேகரன் மன்னிப்புக் கேட்பதற்கு அந்தப் பெண்ணின் பெயர்கூட அவனுக்குத் தெரியாது. திரும்பிச் சென்று மீட்பதற்கு ஒரு குழந்தையும் இல்லை. அவன் ஓட்டத்தோடு நாவல் நின்றுவிடுகிறது.

அப்படியானால் மீட்சி எங்கே? தான் செய்யவில்லை என்று கையைக் கழுவிக்கொள்ளாமல், தன் பக்கத்தார் செய்ததைத் தன் சுமையாக ஏற்பது அதன் தொடக்கமாகலாம். வென்ற பக்கத்தில் பிறந்த ஒருவர், 29 ஆண்டுகள் கழித்து, வெற்றியைப் பாடாமல் தோற்ற வீட்டின் அச்சத்தை எழுதினார். அதில் கோபக் குரல் இல்லை, உபதேசம் இல்லை. கண்டதைக் கண்டவாறு வைத்தார். கவிதை எழுதுவோருக்கும் இதில் பாடம் உண்டு. ஒரு காலத்தின் குற்றத்தைச் சொல்ல ஆயிரம் பிணங்களை அடுக்க வேண்டியதில்லை. எலும்பும் தோலுமாய் நடுங்கி நின்ற ஒரு பெண்ணை நேர்மையாகக் காட்டினால் போதும்; அவள் முன் நிற்கும் வாசகனும் தன் பெயரையும் தன் பக்கத்தையும் எண்ணிப் பார்ப்பான்.