அடுக்கு ஆன்மா: யாருடைய சரக்கு?

மனிதனுக்குள் மூன்று ஆன்மா உண்டெனக் கண்டவர் ஹவாய்த் தீவினராம்; பன்னெடுங்கால மறைஞானமாம்! இப்படிப் பறைசாற்றுவோர் இன்றும் உளர். வரலாறு கூறுவதென்ன?

1917-இல் அத்தீவுகளுக்கு ஆசிரியராகச் சென்ற அமெரிக்கர் மாக்ஸ் ஃபிரீடம் லாங், 1936-இல் நூலாக்கிய கொள்கை அது. சொற்கள் அம்மக்களுடையவை, பொருளோ அவருடையது!

‘உஹானே’ என்பது உயிராவி. கண்ணின் உள்முனை வழியே வெளியேறி அது உலவுவதே கனவு என்றனர் தீவினர். ‘உனிஹிபிலி’, இறந்தோரின் எலும்பைப் பேணி வழிபட்ட ஆவி. ‘அவுமாகுவா’, சுறாவாகவும் ஆந்தையாகவும் தோன்றிக் குடும்பம் காக்கும் முன்னோர். இவற்றையே முறையே நடு ஆன்மா, கீழ் ஆன்மா, மேல் ஆன்மா என அடுக்கினார் லாங்.

அந்த நம்பிக்கைகளை நாம் ஏற்கவேண்டியதில்லை. ஆயினும், உள்ளதை உள்ளவாறு உரைப்பதே வரலாறு. ஒரு மக்களின் சொல்லில் தன் கருத்தைத் திணிப்பது சூறை! தோழர்களே, பழமை என்றதும் பணியாதீர்; எவர் சொன்னது, எப்போது சொன்னது என்று கேளுங்கள்!