கடாரத்தில் யாரிடம் கேட்பது?

கடாரம் வென்ற கதை எங்கள் பக்கத்தில் சின்ன வயதிலேயே ஊட்டப்பட்டுவிடுகிறது. வாலிகண்டபுரத்துக்குக் கிழக்கே, அரியலூர் மாவட்டத்தில் கங்கைகொண்டசோழபுரம். 1025-இல் கடல் கடந்து படை அனுப்பிய இராசேந்திரனின் தலைநகர். இந்தப் பெருமையோடுதான் என் மாமன் மகனும் பினாங்குக்கு வேலைக்குப் போனான். காட்டை அடகு வைத்து ஏஜெண்டுக்குப் பணம் கட்டினான். போய் இறங்கியதும் முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார். இரண்டு வருசம் கழித்து வெறுங்கையோடு வந்தவன், "அங்க யார்கிட்டப் போய்க் கேக்கிறது மச்சான்?" என்றான்.

இதை ஒரு வரலாற்றுக் கேள்வியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

1993 ஜூலையில் லங்காவித் தீவில் அமைச்சர்கள் கூடி இந்தோனேசியா - மலேசியா - தாய்லாந்து வளர்ச்சி முக்கோணத்தைத் தொடங்கினார்கள். லங்காவி கெடா மாநிலத்தைச் சேர்ந்தது. கெடாதான் நம் கடாரம். சுமத்ரா, தீபகற்ப மலேசியாவின் பல மாநிலங்கள், தென் தாய்லாந்து ஆகியவை அதன் எல்லைக்குள் வருகின்றன. திட்டம் வகுக்க ஆசிய வளர்ச்சி வங்கி உதவுகிறது. அமைச்சர்களுக்கு ஒரு அவை, ஆளுநர்களுக்கும் முதலமைச்சர்களுக்கும் ஒன்று, முதலாளிகளுக்குக் கூட்டு வணிக மன்றம். தொழிற்சங்கங்களுக்கென்று அப்படி ஒரு நாற்காலி கிடையாது.

நம் வணிகர்களுக்குப் பழக்கமான நிலம்தான் இது. தென் தாய்லாந்தின் தகுவாபாவில் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே ஒரு குளம் மணிக்கிராமத்தாரின் காவலில் விடப்பட்டிருக்கிறது. சுமத்ராவின் மேற்குக் கரையில், கற்பூரத்துக்குப் பேர்போன பாருஸ் அருகே லோபு துவாவில் கிடைத்த 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு இன்னும் முக்கியமானது. அது அரசன் போட்ட ஆணையல்ல. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் கூடிப் போட்டது. காலம்கூடச் சக ஆண்டில்தான். மரக்கல நாயன் முதலானோர் கஸ்தூரி விலையை ஒட்டிப் பொன் செலுத்திய பிறகே, விரித்த துணிமேல் கால் வைத்து உள்ளே வரலாம். ஆக, படையெடுப்பு நடந்து அறுபது வருசம் கழித்துத் துறைமுகத்தில் வரி விதிக்கும் அதிகாரம் வணிகக் குழுவின் கையில் இருந்திருக்கிறது. துடுப்பு வலித்தவன், மூட்டை சுமந்தவன் பற்றிக் கல்லில் பேச்சில்லை. வணிகர் பெருமை பேசும் நம் எழுத்துகளும் இந்த இடத்தில் கல்லைப் போலவே வாயைத் திறப்பதில்லை.

கொடுத்தவர்கள் பேசிய கல் வேண்டுமென்றால் கடல் தாண்ட வேண்டியதில்லை. பெரம்பலூர் மாவட்டத்தில், வெள்ளாற்றங்கரையில் உள்ள ஆடுதுறையில் (தஞ்சாவூர்ப் பக்கத்து ஆடுதுறை அல்ல) அது இருக்கிறது. 1429-இல், விஜயநகர ஆட்சியில், வலங்கை தொண்ணூற்றெட்டும் இடங்கை தொண்ணூற்றெட்டும் ஒன்றுகூடின. கொறுக்கை உள்ளிட்ட ஊர்களிலும் அதே ஆண்டில் இப்படிக் கல்வெட்டுகள் எழுந்தன. இராசகரத்தாரும் பிராமண, வேளாளக் காணியாளரும் சேர்ந்து வதைக்கிறார்கள், இனி விளைச்சலுக்கு ஏற்ற முறையான வரிதான் தருவோம் என்பது இவற்றின் சாரம். அவர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவனும் துரோகிதான். இந்தக் கூட்டிலும் எல்லாரும் சமமில்லை, வணிகச் சாதிகளும் உள்ளே உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் விகிதத்தைச் சொன்னது கொடுத்தவன்.

போன மாசம் மாமன் மகனை ஆடுதுறைக்குக் கூட்டிப்போனேன். கல்லைத் தடவிப் பார்த்தவன், "இத யாரு எழுதச் சொன்னது?" என்றான்.

"தொண்ணூத்தெட்டும் தொண்ணூத்தெட்டும்" என்றேன்.

"ராசா இல்லியா?"

"இல்ல."