மெர்போக் ஆறும் கடாரத் துறைமுகமும்

கடாரம் என்றதும் நம் மாணவர் எழுதுவது இராசேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பையே. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அங்கு ஒரு துறைமுகம் இயங்கிவந்ததை நாம் வகுப்பறையில் போதிய அளவு சொல்வதில்லை.

கெடாவின் மெர்போக் ஆறு மலாக்கா நீரிணையில் கலக்கிறது. வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிகளுக்கு ஜெராய் மலை தொலைவிலேயே கரையை உணர்த்தியது. பருவக்காற்று மாறும்வரை தங்கிச்செல்ல அகன்ற கழிமுகம் இடமளித்தது.

1936-37இல் இங்கு அகழ்ந்த குவாரிட்ச் வேல்ஸ், கோயில் அடித்தளங்களைக் கண்டு இதனை இந்தியக் குடியேற்றமாகக் கொண்டார். அம்முடிவு நம்மவர்க்கு இனித்தது. ஆகவே நெடுங்காலம் ஐயுறாதிருந்தோம். 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் சுங்கை பத்துவில் நிகழ்த்திய அகழாய்வோ, இரும்பு உருக்கிய களங்களையும் துருத்திக் குழாய்த் துண்டுகளையும் செங்கல்லாலான படகுத்துறைகளையும் வெளிக்கொணர்ந்தது. அவற்றின் தொடக்கக் காலம் குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் வணிகர் நாடிவந்த துறையில் உள்ளூர்த் தொழிலும் செழித்திருந்தது என்பதில் ஐயமில்லை. கடாரத்தைச் சோழர் வெற்றியின் பின்னிணைப்பாகக் கற்பிப்பது அத்தொழிலாளரை மறைத்துவிடுகிறது என்றே கருதுகிறோம்.

ஆறுகள் கொணர்ந்த வண்டல் கழிமுகத்தைத் தூர்க்க, கடற்கரை மேற்கே விலகியது. கலம் அணைந்த துறைகள் இன்று செம்பனைகளுக்கிடையே நிலத்தினுள் கிடக்கின்றன.

சுங்கை பத்துவில் 11 என எண்ணிடப்பட்ட கோயிலின் அடித்தளம் 2013இல் நிலமேம்பாட்டுப் பணியின்போது இடிக்கப்பட்டது. அந்நிலம் தனியார் உடைமையாயிருந்தது.