4294967297: எண்ணின் அளவும் அமைப்பும்

4294967297 என்பது 2³²+1. இது பகா எண் அன்று, 641 × 6700417 என்று 1732-இல் ஆய்லர் காட்டினார். அவருடைய அபாரமான கணக்கிடும் திறமைக்கு இதைச் சான்றாகச் சொல்வது வழக்கம். அந்தப் பாராட்டு பொருத்தமற்றது என்றே நான் கருதுகிறேன். 641 என்பது 116-ஆவது பகா எண்தான். பொறுமையுள்ள எவரும் சில நாளில் வகுத்தே அதை எட்டிவிடலாம். ஆனால் எங்கே நிற்பது என்று முன்கூட்டித் தெரியாது. எண்ணின் வர்க்கமூலம் ஏறக்குறைய 65536; அதுவரை 6542 பகா எண்கள் இருக்கின்றன. இந்தக் காட்டுக்குள் பாதை போட்டுத் தந்தது எண்ணின் அமைப்பு.

1640-இல் ஃபெர்மா 2¹+1, 2²+1, 2⁴+1, 2⁸+1, 2¹⁶+1, அதாவது 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் பகா எண்களாக இருப்பதைக் கண்டு, அடுத்த 2³²+1 உட்பட இந்த வரிசையில் வரும் எல்லாமே அப்படித்தான் என நம்பினார். நிறுவல் கைவரவில்லை என்பதையும் ஒளிக்காமல் எழுதினார். 1729-இல் கோல்ட்பாக் கடிதம் வழியாக இந்தக் கேள்வி ஆய்லரிடம் வந்தது.

p என்ற பகா எண் 2³²+1-ஐ மீதியின்றி வகுக்கிறது என்று கொள்வோம். அப்போது p-ஆல் வகுக்க 2³² தரும் மீதி −1. 2⁶⁴ தருவது 1. அதற்கு முந்தைய எந்த அடுக்கும் 1 தராது. ஆகவே 64, p−1-ஐ வகுத்தாக வேண்டும். இதைச் சொல்வது ஃபெர்மாவே அதே 1640-இல் எழுதிய தேற்றம். எனவே p, 64k+1 வடிவில்தான் இருக்கும். அவ்வடிவப் பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது வகுத்தலிலேயே விடை! ஆய்லர் இந்த வடிவத்துக்கான நிறுவலைப் பின்னொரு கட்டுரையில்தான் தந்தார். 1878-இல் லூகாஸ் வடிவத்தை 128k+1 என இன்னும் இறுக்கினார். அப்போது மிஞ்சுபவை 257, 641 இரண்டே. 257 இதே வரிசையைச் சேர்ந்தது. இவ்வரிசையில் எந்த இரண்டுக்கும் பொதுக் காரணி கிடையாது. ஆக முதல் முயற்சியே 641.

வகுக்காமலும் சரிபார்க்கலாம். 641 = 5×2⁷+1; 641 = 5⁴+2⁴-உம் ஆகும். 641-ஆல் வகுக்கும்போது வரும் மீதியை மட்டும் பார்த்தால், முதல் வடிவத்தின்படி 5×2⁷-க்குப் பதில் −1 இடலாம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴×2²⁸-க்குப் பதில் 1. இரண்டாம் வடிவத்தின்படி 5⁴-க்குப் பதில் −2⁴. ஆகவே −2³²-உம் 1-உம் ஒரே மீதி தருகின்றன. 2³²+1 மீதியின்றி வகுபடுகிறது. பத்து இலக்க எண்ணைத் தொடாமலே அதன் காரணி உறுதியாகிறது. எத்தனை முறை எழுதிப் பார்த்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

இதே அமைப்பு எண்ணின் இயல்பை மறைக்கவும் செய்கிறது. 4294967297-ஆல் வகுக்க 2⁶⁴ மீதி 1 தருவதாலும், 64 என்பது 2³²-ஐ வகுப்பதாலும், 2-ஐ அடியாகக் கொண்டு ஃபெர்மாவின் தேற்றத்தால் (2-இன் 2³²-ஆம் அடுக்கு மீதி 1 தருகிறதா என்று) சோதித்தால் 4294967297 பகா எண்ணைப் போலவே தேறிவிடும். 3-ஐ அடியாக எடுத்தால் அது பகு எண் என்பது வெளிப்படும். இவ்வரிசை எண்களுக்கு 1877-இல் பெப்பின் தந்த சோதனை இன்று வழக்கமாக அந்த 3-ஐக் கொண்டே செய்யப்படுகிறது.