சிறு கமராவும் அதன் வில்லையும்

கமரா சிறுத்த வரலாற்றைப் பேசுவோரிற் பலர் அதன் உடலின் அளவையே கருத்திற்கொள்வர். வில்லையற்ற கமராவை எவரும் கழுத்திற் கொழுவித் திரிவதில்லை. உடலும் வில்லையும் ஒன்றுசேர்ந்து கையில் எவ்வாறு அமைகின்றன என்பதே வினா. இவ்வினா மறக்கப்பட்ட காலங்களிற் கமரா பருத்தது என்பது இக்கட்டுரையின் துணிபு.

ஜேர்மனியின் வெற்ஸ்லார் நகரிலிருந்த லைற்ஸ் நிறுவனத்தில் 1911 ஆம் ஆண்டிற் சேர்ந்த ஒஸ்கார் பார்ணக், சினிமாப் படச்சுருளைப் பயன்படுத்தும் சிறு கமராவொன்றை முதலாம் உலகப்போர் மூளுமுன்னரே அமைத்திருந்தார். 24 x 36 மில்லிமீற்றர் அளவேயான படத்தைப் பெருப்பித்தே பார்க்கவேண்டியிருந்தமையாற் கூரிய வில்லையின்றி அக்கருவி விளையாட்டுப் பொருளாகவே முடிந்திருக்கும். மக்ஸ் பெரெக் கணித்தமைத்த 50 மில்லிமீற்றர், எஃப் 3.5 வில்லையே அதற்கு வாழ்வளித்தது. 1925 ஆம் ஆண்டு லைப்சிக் வசந்தச் சந்தையில் வைக்கப்பட்ட லைக்காவில் அவ்வில்லை, வேலை முடிந்ததும் உடலினுள்ளே அமிழ்ந்துவிடும். துவாரம் சிறியது என்று குறைகூறலாம். ஆயின் அச்சிறுமையே அதனை உள்ளே தள்ளிவைக்க இடந்தந்தது.

1930 ஆம் ஆண்டில் லைக்காவின் வில்லைகள் கழற்றி மாட்டத்தக்கனவாயின. 1932 இல் சைஸ் இக்கோன் நிறுவனத்தின் கொன்ராக்ஸ் போட்டிக்கு வந்ததும், பெருந்துவாரமே பெருமை என்னும் எண்ணம் வலுத்தது. பின்னர் வந்த 85 மில்லிமீற்றர், எஃப் 1.5 சுமாரெக்ஸ் வில்லை, அது பொருத்தப்பட்ட கமராவிலும் பாரமானது. வில்லையிற் கமராவைப் பொருத்தினர் என்று கூறுவதே தகும்!

ஒற்றைவில்லைத் தெறிப்புக் கமராவின் வருகையோடு இச்சிக்கல் வேறு வடிவெடுத்தது. வில்லைக்கும் படச்சுருளுக்குமிடையே ஆடி எழுந்து விழ இடம்வேண்டும். அதனால் அகன்ற காட்சி தரும் வில்லைகளை அவற்றின் குவியத்தூரத்திலும் நீண்டவையாக அமைக்க நேர்ந்தது. மேலே ஐங்கோண அரியமும் ஏறிற்று. 1959 இல் வெளிவந்த நிக்கொன் எஃப் செய்தியாளரின் நம்பிக்கையைப் பெற்றது உண்மையே. அதன் பாரத்தை அவர்கள் தொழிலின் விலையாகவே ஏற்றுக்கொண்டனர்.

ஏற்க மறுத்தவர் யப்பானின் ஒலிம்பஸ் நிறுவனத்து யொஷிஹிசா மயித்தானி. 1972 இல் எம்-1 எனக் காட்டப்பெற்று, லைற்ஸ் நிறுவனத்தின் ஆட்சேபத்தால் 1973 இல் ஓ.எம்-1 எனப் பெயர்மாறிய அவரது கமராவின் உடல் 510 கிராம் நிறையுடையது. பலர் இவ்வெண்ணோடு நின்றுவிடுவர். ஆனால் அவர் உடலை மட்டும் செதுக்கவில்லை. ஷட்டரின் வேகத்தை மாற்றும் திருகை மேற்றட்டிலிருந்து நீக்கி, வில்லை பொருந்தும் வாயைச் சுற்றிய வளையமாக்கினார். துவார வளையம் வில்லையின் முன்னோரத்திற்குச் சென்றது. இடையிலே குவியப்படுத்தும் வளையம். எனவே வில்லையைத் தாங்கும் இடக்கையே மூன்று தொழில்களையும் செய்ய, வலக்கை பிடிக்கவும் அழுத்தவும் மட்டுமே எஞ்சியது. வில்லைகளும் இதற்கிசையக் குறுக்கப்பட்டன: 50 மில்லிமீற்றர், எஃப் 1.8 வில்லை ஏறக்குறைய 170 கிராம். 100 மில்லிமீற்றர், எஃப் 2.8 வில்லை 230 கிராம். இவையிரண்டும் 49 மில்லிமீற்றர் வடிகட்டியையே ஏற்பன. 100 மில்லிமீற்றர் வில்லையை மாட்டிய பின்னரும் கமரா முன்புறம் தலைசாய்வதில்லை. என் கருத்தில் மயித்தானியின் வெற்றி உண்மையில் இதுவே. 510 என்ற எண்ணன்று.

சிறுமையும் மிகையாகலாம். 1976 இல் பென்ராக்ஸ் வெளியிட்ட எம்.எக்ஸ். கமரா, அகலத்தில் ஓ.எம்-1 ஐ அரை மில்லிமீற்றரால் வென்றது. அதற்கென வந்த 40 மில்லிமீற்றர், எஃப் 2.8 வில்லையின் தடிப்பு 18 மில்லிமீற்றர் மட்டுமே. அதன் குவியத்தூரம், வில்லைவாயிலிருந்து படச்சுருள்வரையுள்ள ஏறத்தாழ 45 மில்லிமீற்றர் தூரத்துக்கு அண்மித்ததாதலின், நீண்ட குழாய் தேவைப்படவில்லை. நண்பரொருவரின் பழைய எம்.எக்ஸ். ஐ இவ்வில்லையோடு கையிலெடுத்தபோது, குவியப்படுத்த முயன்ற என் விரல்கள் ஒவ்வொரு முறையும் துவார வளையத்தையே திருப்பின. பையில் வைப்பதற்கு அதனை மிஞ்சியதில்லை. கையில் வைத்திருப்பதற்கு 50 மில்லிமீற்றர் வில்லையே மேல்.

1979 இல் மயித்தானியின் எக்ஸ்.ஏ. வெளிவந்தது. 35 மில்லிமீற்றர், எஃப் 2.8 வில்லை; அதன்மேல் வழுக்கிச் செல்லும் மூடி. இம்முறை வில்லையைக் கழற்றும் வசதியை அவர் வைக்கவேயில்லை.